முப்பாட்டன் இருந்த ஊர்

ஸ்கொட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்து என்னும் பகுதியில், நேவர் என்றோர் ஆறு வடக்கு நோக்கி ஓடிக் கடலிற் கலக்கின்றது. அவ்வாறு பாயும் பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்நேவர் எனப்படும். ஆற்றின் கிழக்குப் பக்கத்தில், ஊசியிலை மரக்காடு சூழ்ந்திருக்க, மரம் நடாது விடப்பட்ட புல்வெளி ஒன்று உண்டு. வழிப்போக்கர் கண்ணுக்கு அது வெறும் புல்வெளியே. ஆயினும், மாலைச் சூரியன் தாழ்ந்து சாய்வாக ஒளி வீசும் வேளையில், புல்லின் கீழே நீண்டு கிடக்கும் மேடுகள் புலப்படும். அவை வீட்டுச் சுவர்களின் அடிகள். ரொசால் என்பது அவ்வூரின் பெயர். 1814ஆம் ஆண்டுக்கும் 1818ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்கிருந்த குடிகள் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் உழுத நிலத்தில் ஆடுகள் மேய்ந்தன.

இத்தகைய ஊர்களை விட்டு வெளியேறியோரின் மக்களும் பேரரும் இன்று கனடாவிலும், அவுஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும், கிளாஸ்கோ நகரின் தெருக்களிலும் வாழ்கின்றனர். அவர்களிற் பலரிடம் எஞ்சியிருப்பவை இரண்டே: குடும்ப வேதாகமத்தின் முதற்பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பெயர், பாட்டி வாய்வழியாகச் சொன்ன ஓர் ஊர்ப்பெயர். ஊரோ இன்று இல்லை. பெயரோ ஒருவருக்கு உரியதன்று. நூறு பேருக்கு உரியது. இவ்விரண்டையும் கொண்டு தம் முன்னோரைத் தேடிப் புறப்படும் ஒருவர் எங்கே தொடங்குவது?

இக்கேள்விக்கு விடை காணுமுன், ஸ்கொட்லாந்தின் பெயர் வழக்கை அறிதல் வேண்டும். ஸ்ட்ராத்நேவர்ப் பள்ளத்தாக்கு மக்காய் குலத்தாரின் பூமி. அங்கே வில்லியம் மக்காய் என்றோ டொனால்ட் மக்காய் என்றோ ஒருவரைக் கூப்பிட்டால், பலர் திரும்பிப் பார்த்திருப்பர். ஆதலால் ஊரவர் தமக்குள் தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் அடுக்கியே ஆளை அடையாளங் கண்டனர். வடகிழக்குக் கரையின் மீன்பிடி ஊர்கள் சிலவற்றிலோ, குடும்பப் பெயரால் ஆளைப் பிரித்தறிய இயலாமற் போகவே, ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டப்பெயர் இடப்பட்டது. அப்பட்டப்பெயர் அரசாங்க ஏடுகளிலும் ஏறிற்று. இன்னொரு வழக்கமும் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடுவது பல குடும்பங்களின் மரபு. பெயரைத் தாங்குபவன் என்ற பொருளிலே ‘பெயரன்’ என்று ஒரு சொல்லையே வைத்திருக்கும் தமிழருக்கு இதில் வியப்பில்லை. தேடுவோருக்கு இவ்வழக்கம் துணையும் ஆகும், தொல்லையும் ஆகும். பிள்ளைகளின் பெயரைக் கொண்டு பாட்டன்மாரின் பெயரை ஊகிக்கலாம் என்பது துணை. ஒரே பாட்டனின் ஐந்து மக்கள் வீட்டிலும் ஒரே பெயருடைய ஐந்து பேரர் இருப்பர் என்பது தொல்லை.

ஆகவே ஸ்கொட்லாந்தில் ஆளைத் தேடுவோர் முதலில் ஊரைத் தேடவேண்டும். எந்த மேட்டில், எந்த ஓடையின் கரையில், எந்தப் பண்ணையில் என்று தெரிந்தால், நூறு டொனால்ட் மக்காய்களுள் ஒருவர் தனித்து நிற்பார். ஏடு ஆளைச் சொல்லும். தேசப்படம் இடத்தைச் சொல்லும். ஒன்றில்லாமல் மற்றையது பெரும்பாலும் ஊமை.

ஏடுகளுள் மிகச் சிறந்தது 1855ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தொடங்கிய அரசாங்கப் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு. இங்கிலாந்தில் இத்தகைய பதிவு 1837இலேயே வந்துவிட்டது. ஸ்கொட்லாந்து பிந்தியே தொடங்கிற்று. ஆனால் பிந்தி வந்தது முந்தி வந்ததைக் காட்டிலும் நிறைவாக வந்தது. ஸ்கொட்லாந்தின் மரணப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயர் மாத்திரமன்றி, தாயின் பெயரும், அவளது பிறந்தகத்துக் குடும்பப் பெயரும் எழுதப்படும். 1855ஆம் ஆண்டுப் பதிவுகள் அளவு கடந்த விவரமுடையவை. பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த இடம், மணம் முடித்த காலம், குழந்தைக்கு முன் பிறந்தோர் எத்தனை பேர் என்பன யாவும் கேட்கப்பட்டன. பதிவாளர்களால் அச்சுமையைத் தாங்க முடியவில்லைப் போலும். அடுத்த ஆண்டே பல கேள்விகள் கைவிடப்பட்டன. ஆகையால் முன்னோர் வீட்டில் யாரேனும் ஒருவர் அந்த ஓராண்டிற் பிறந்தோ இறந்தோ இருந்தால், அதைத் தேடுவோர் புதையலாகவே கொள்வர்.

என்றாலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இறந்தவர் தம் பெற்றோரைப் பற்றித் தாமே வந்து சொல்வதில்லை. மகனோ, மருமகனோ, பக்கத்து வீட்டாரோ சொன்னதையே பதிவாளர் எழுதினார். எண்பது வயதில் இறந்த ஒருவரின் தாய் பெயரை மருமகன் எவ்வளவு திருத்தமாக அறிந்திருப்பான்? எனவே பதிவின் அடியில் ஒப்பமிட்டவர் யார் என்பதை முதலிற் பார்ப்பதே தேர்ந்தவர் வழக்கம்.

1855க்கு முந்திய காலத்துக்குக் குடிமதிப்பு ஏடுகள் உதவும். 1841இன் ஏடு சிக்கனமானது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிற்று. பிறந்த இடத்தைக் கேட்டபோதும், இதே மாவட்டமா, அன்றா என்பதோடு நிறுத்திக்கொண்டது. 1851இன் ஏடுதான் பிறந்த கோயிற்பற்றின் பெயரைக் குறிக்கத் தொடங்கியது. 1861இல் ஒவ்வொரு வீட்டிலும் சாளரமுள்ள அறைகள் எத்தனை என்றுங் கேட்டனர். ‘ஒன்று’ என்று எழுதப்பட்ட வரிக்கு எதிரே எட்டுப் பேரின் பெயரைக் காணும் ஒருவர், தம் முன்னோரின் வாழ்வைப் பற்றி வேறு நூல் படிக்கவேண்டியதில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் கோயிற்பற்று ஏடுகள். ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் போதகர்களும் அவர்தம் எழுத்தர்களும் ஞானஸ்நானங்களையும் திருமண அறிவிப்புகளையும் எழுதிவைத்தனர். இவற்றுள் மிகப் பழையது பேர்த் பகுதியிலுள்ள எரோல் என்னும் ஊரின் ஏடு; 1553இல் தொடங்குவது. ஆனால் எல்லா ஊரும் எரோல் அன்று. வடமலை நாட்டின் கோயிற்பற்றுகள் பலவற்றில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் ஏடே இல்லை. இருந்த ஏடுகளிலும் இடைவெளிகள் பல. 1783 முதல் 1794 வரை, பதியப்படும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 3 பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. பிள்ளை பெற்ற ஏழை, பதியாமல் இருந்துவிட்டான். திருச்சபையினின்று 1733இல் ஒரு சாராரும், 1843இல் பெருந்தொகையான போதகரும் மக்களும் பிரிந்து சென்றனர். அவர்களின் நிகழ்ச்சிகள் பல பழைய ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாதவன் பிறக்காதவன் அல்லன் என்பதைத் தேடுவோர் மறந்துவிடலாகாது.

ஏட்டின் இவ்வெற்றிடங்களை ஓரளவு நிரப்புவன கோயிற் சபைக் குறிப்புகள். போதகரும் மூப்பரும் கூடி, ஊராரின் ஒழுக்கத்தை விசாரித்த கூட்டங்களின் நடவடிக்கைகள் இவை. மணமாகாது பிள்ளை பெற்றவள் யார், அப்பிள்ளையின் தகப்பனென்று அவள் சுட்டியவன் யார், ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்தவன் யார், தருமப் பணத்திற் காலணி பெற்ற விதவை யார் என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. செல்வர்க்குச் சாசனம் உண்டு; காணி உறுதி உண்டு; 1617 முதல் நிலப் பரிமாற்றங்களைப் பதிந்துவரும் பெரும் பதிவேடு உண்டு. நிலமற்றவனுக்கோ, அவன் செய்த பிழையும் பெற்ற பிச்சையுமே பெரும்பாலும் சரித்திரமாக நிற்கின்றன. கிளாஸ்கோவிலும் இதே கதைதான். 1851 முதல் அந்நகரில் ஏழைநிதி கேட்டு விண்ணப்பித்தோரின் ஏடுகள் பேணப்பட்டுள்ளன. விண்ணப்பித்தவர் எவ்வூரிற் பிறந்தார், பெற்றோர் யார், பிள்ளைகள் எங்கே என்று அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டதனால், மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பலரின் பிறந்த ஊர் அங்கேதான் அகப்படுகின்றது.

வரியேடுகளும் உதவுவன. 1691 முதல் 1695 வரை ஒவ்வோர் அடுப்புக்கும் 14 சிலிங் அடுப்புவரி தண்டப்பட்டது. 1690களில் தலைவரியும் வந்தது. அபர்டீன் பகுதியின் 1696ஆம் ஆண்டுத் தலைவரி ஏடு வீட்டுத் தலைவரோடு மனைவி, மக்கள், ஏவலாளர் பலரையுஞ் சேர்த்து எழுதியிருக்கின்றது. 1855 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட நிலமதிப்பீட்டு ஏடுகளோ வீட்டுக்குரியவர், குத்தகைக்காரர், குடியிருப்பவர், ஆண்டு வாடகை ஆகியவற்றை நிரல்படத் தருகின்றன. ஆனால் இங்கும் ஏழை தப்பிப்போகின்றான்: ஆண்டு வாடகை 4 பவுணுக்குக் குறைந்த சிறு குடியிருப்பாளரின் பெயரை எழுதவேண்டுமென்ற கட்டாயம் இருக்கவில்லை.

இனித் தேசப்படங்களுக்கு வருவோம். ஸ்கொட்லாந்தின் பழைய படங்களுள் முதன்மை பெறுபவை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் திமொத்தி பொண்ட் என்பவர் நாடெங்கும் அலைந்து தம் கையாற் கீறியவை. பின்னர் 1601இல் அவர் வடகோடியிலுள்ள டன்னெட் என்னும் ஊரின் போதகரானார். அவர் இறந்து பல்லாண்டு கழிந்தபின், றொபேர்ட் கோர்டன் என்னும் அறிஞர் அப்படங்களைத் திருத்தியும் நிரப்பியும் உதவ, அம்ஸ்டர்டாம் நகரத்து யோவான் பிளாவ் 1654இல் அவற்றைப் பெரும்படத் தொகுதியாக அச்சிட்டார். ஸ்ட்ராத்நேவரும் அதில் தனிப்படமாக உள்ளது. இப்படங்கள் ஊர்களின் பழைய பெயர் வடிவத்தை அறிய உதவும். வீட்டை அறிய உதவா.

வீட்டை அறிய விரும்புவோர் வில்லியம் ரோயின் படத்தை நாடவேண்டும். அதன் வரலாறு சற்று நின்று கேட்கத்தக்கது. 1746ஆம் ஆண்டு ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் மலைநாட்டார் தோற்றனர். தோற்றவர்களைத் துரத்திச் சென்ற அரச படைக்கு வழி தெரியவில்லை, கணவாய் தெரியவில்லை, எந்த மலைக்குப் பின்னால் எத்தனை குடி இருக்கின்றன என்பதும் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே டேவிட் வாட்சனின் பொறுப்பில் 1747இல் நிலஅளவை தொடங்கிற்று. வேலையின் பெருஞ்சுமையைத் தாங்கியவர் அப்போது இருபது வயதைச் சற்றே தாண்டியிருந்த ரோய். சங்கிலியும் திசையறி கருவியுங் கொண்டு சிறு சிறு கூட்டமாகப் படைவீரர் சென்றனர். ஆறுகளையும் பாதைகளையும் அளந்தனர். இடையில் உள்ளவற்றைக் கண்ணளவாற் கீறினர். 1755இல் வேலை நின்றபோது பெருநிலப்பரப்பு முழுவதற்கும் படம் இருந்தது, தீவுகளுக்கு இல்லை. 1,000 யாருக்கு ஓர் அங்குலம் என்பது அதன் அளவு. பிற்காலத்தில் நீர்வண்ண ஓவியராகப் பெயர் பெற்ற போல் சாண்ட்பியும் அதன் வரைஞருள் ஒருவர்.

அப்படத்திலே கட்டிடங்கள் செந்நிறப் புள்ளிகளாக உள்ளன. உழுநிலங்கள் நெருங்கிய கோடுகளாக உள்ளன. புள்ளிகளை எண்ணி இத்தனை வீடு என்று சொல்லுதல் தவறு. வரைந்தவர் குறியீடாகவே இட்டனர். எனினும், இன்ன வளைவில், இன்ன ஓடைக்கு அருகில் ஒரு குடியிருப்பு இருந்தது, அதைச் சுற்றி உழுத வயல் இருந்தது என்பதற்கு வேறெந்தச் சான்றும் இவ்வளவு தெளிவாக இல்லை. மலைநாட்டாரை அடக்குவதற்கென்று வரைந்த படமே, அம்மலைநாட்டாரின் ஊர்கள் அழிவதற்கு முன் அவற்றை ஒருங்கே காட்டும் படமாகவும் அமைந்துவிட்டது.

நிலக்காரர் வரைவித்த பண்ணைப் படங்களும் இவ்வாறே. 18ஆம் நூற்றாண்டிலும் 19இன் தொடக்கத்திலும், பழைய துண்டு நிலங்களை ஒன்றாக்கிப் பெரும்பண்ணை அமைப்பதற்காக அளவையாளர் அமர்த்தப்பட்டனர். மாற்றப்போகும் ஒன்றை முதலில் உள்ளபடி வரைய வேண்டியிருந்தது. அதனால், வெளியேற்றத்துக்கு முந்திய ஊரின் வயல்களும் வீடுகளும், சிலவேளை ஒவ்வொரு வயலையும் பயிரிட்டவரின் பெயருங்கூட, அவ்வெளியேற்றத்துக்கென்றே தீட்டிய தாள்களிற் பதிந்து கிடக்கின்றன. தாழ்நிலப் பகுதிகளிலும் இவ்வாறு பல சிற்றூர்கள் மறைந்தன. ஆனால் அங்கே தீயும் கூக்குரலும் குறைவு. ஆகவே கதைகளும் குறைவு. தாழ்நிலத்துக் குடிவழி தேடுவோர் பலர், தம் முன்னோரும் நிலம் இழந்தவரே என்பதைப் பண்ணைப் படத்தைக் கண்ட பின்னரே அறிகின்றனர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாங்க நிலஅளவைப் பகுதியினர் ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவிற் பெரும் படங்களை வெளியிட்டனர். கூரையுள்ள கட்டிடம் ஒரு விதமாகவும் கூரையற்ற சுவர் வேறு விதமாகவும் அவற்றிற் காட்டப்பட்டுள்ளன. இப்படங்களோடு எழுதப்பட்ட பெயர்ப் புத்தகங்களை அறிந்தோர் சிலரே. ஒவ்வொரு மலைக்கும் ஓடைக்கும் பண்ணைக்கும் பெயரை எவ்வாறு எழுதுவது என்று அளவையாளர் உள்ளூராரைக் கேட்டு, சொன்னவரின் பெயரையும் அருகிற் குறித்தனர். போதகரும் ஆசிரியரும் நிலக்காரரும் மிகுதியாகக் கேட்கப்பட்டனர். ஆயினும் சாதாரணக் குத்தகைக்காரர் சிலரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். கேலிக் மொழி அறியாத ஓர் அளவையாளர் முன் நின்று, தம் ஓடையின் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொடுத்த ஒரு முப்பாட்டனை இப்புத்தகத்திற் காண்பது, பிறப்புப் பதிவிற் காண்பதினும் இனிது.

இவை யாவும் ரொசாலில் எவ்வாறு கூடுகின்றன என்று பார்க்கலாம். 1850களின் பிற்பகுதியில் வடகரையிலே இறந்த ஒரு முதியவரின் மரணப் பதிவு, அவர் பெற்றோரைத் தருகின்றது. 1851இன் குடிமதிப்பு, அவர் ஃபார் என்னும் கோயிற்பற்றிற் பிறந்தார் என்கின்றது. ஃபார் கோயிற்பற்றோ மிக விரிந்தது. ரொசாலும் அதற்குள் அடங்கியதே. சதர்லாந்துப் பெரும்பண்ணையின் குத்தகை ஏடுகள் ஊர்வாரியாகக் குடித்தலைவரைக் காட்டுகின்றன. எனினும் குடித்தலைவரின் கீழ் அண்டியிருந்தோரை அவை பேசுவதில்லை. அவ்வூர் எங்கிருந்தது என்பதற்கு ரோயின் படமும், அதற்குப் பிந்திய பண்ணைப் படமும் சான்று.

ஊர் எவ்வாறு ஒழிந்தது என்பதற்கோ வேறு வகை ஏடுகள் சான்று. பெரும்பண்ணையின் காரியஸ்தருள் ஒருவரான பற்றிக் செல்லர், தாமே அப்பள்ளத்தாக்கில் ஆட்டுப்பண்ணையொன்றைக் குத்தகைக்கு எடுத்து, 1814இற் குடிகளை வெளியேற்றினார். வில்லியம் சிசோம் என்பவரின் வீடு எரிக்கப்பட்டபோது அங்கிருந்த முதியவள் ஒருத்தி சில நாட்களில் இறந்தாள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1816 ஏப்ரலில் இன்வெர்னெஸ் நகரில் வழக்கு நடந்தது; யூரர்கள் செல்லரை விடுதலை செய்தனர். தீர்ப்பு எதுவாயினும், வழக்கினிமித்தம் எழுதப்பட்ட சாட்சியங்களில் ஊராரின் பெயர்களும் இருப்பிடங்களும் தங்கிவிட்டன. 1819இன் வெளியேற்றத்துக்குச் சற்று முன், பள்ளத்தாக்கில் இறுதி ஞாயிறு ஆராதனையை நடத்திய இளம் போதகர் டொனால்ட் சேஜ், அந்நாளின் துயரத்தைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1889இல் அது நூலாயிற்று. 1962இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹொரஸ் ஃபேர்ஹேர்ஸ்ட் ரொசாலை அளந்து, சில இடங்களை அகழ்ந்து, மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் இருந்த நீண்ட வீடுகளையும், தானியம் உலர்த்தும் சூளைகளையும் வெளிப்படுத்தினார். ஏட்டிற் பெயர் பெறாத அண்டை வீட்டாரின் அடுப்படியும் அங்கே இருந்தது.

இவ்வளவு தேடியும், ‘எங்கள் குலத்தின் கோட்டை எது, எங்கள் கட்டத்துணி எது?’ என்று கேட்போரே பலர். குடும்பப் பெயர் ஒன்றாயிருந்தால் குலத்தலைவனின் இரத்தம் என்று கொள்வது மிக எளிது, மிகப் பிழையுமாகும். தலைவனின் நிலத்தில் இருந்தமையால் தலைவனின் பெயரைச் சூடிய குடிகள் பலர். கோட்டையைத் தேடுவோர்க்குக் கடைத்தெருவிற் கட்டத்துணி கிடைக்கும். குடிசையைத் தேடுவோர்க்கே தேசப்படம் வேண்டும்.

இத்தேடலின் ஒரு நுனி இலங்கையிலும் உள்ளது. லூல்கொந்துரத் தோட்டத்திற் பெருமளவிலே தேயிலை பயிரிட்டு வழிகாட்டிய ஜேம்ஸ் டெயிலர், 1835இல் கின்கார்டின் பகுதியில், மொன்பொடோப் பெரும்பண்ணையிலுள்ள மொஸ்பார்க் என்ற சிறு வீட்டிற் பிறந்தவர். தந்தை சக்கரம் செய்யுந் தொழிலாளர். 1852இல் இலங்கை வந்த அவர், 1892இல் இறந்து, கண்டி மகியாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இலங்கையின் கல்லறை வாசகங்களை ஊர் ஊராகத் தொகுத்து பென்றி லூயிஸ் என்னும் அரசாங்க அதிகாரி 1913இல் வெளியிட்ட நூலைப் புரட்டினால், பிறந்த கோயிற்பற்றின் ஏட்டில் முதல் வரியும், கோப்பி நாட்டின் கல்லில் இறுதி வரியுமாக முடிந்த ஸ்கொட்லாந்து இளைஞர் பலரைக் காணலாம்.

இன்று இவ்வேடுகளிற் பெரும்பகுதி எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், தேசப்படங்களிற் பெரும்பகுதி அங்குள்ள தேசிய நூலகத்திலும் உள்ளன. கடல் கடந்திருப்போரும் அவற்றின் படிகளை இணையவழி பார்க்கலாம். பழைய படத்தைப் புதிய படத்தின்மேற் பொருத்திக் காணும் வசதியும் உண்டு. ஆனால் ஸ்ட்ராத்நேவர்க்காரரைத் தேடுவோர் இவற்றோடு நின்றுவிடாமல் இன்னொன்றையும் பார்த்தல் வேண்டும். மலைநாட்டுச் சிறு குடிகளின் குறைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட நேப்பியர் ஆணைக்குழு, 1883இல் வடகரையிலுள்ள பெட்டிஹில் என்னும் ஊரிற் கூடியது. வெளியேற்றப்பட்டபோது சிறுவராயிருந்து, அப்போது முதுமை எய்தியிருந்தோர் அங்கே வந்து சாட்சி கூறினர். கேலிக் மொழியில் வந்த சாட்சியத்தை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திற் கூறினார். கேள்வியும் மறுமொழியும் எண்ணிடப்பட்டு 1884இல் அச்சாயின. கேட்டவாறு எழுதியமையால் ஊர்ப்பெயர்களின் எழுத்து எங்கும் ஒன்றுபோல் இல்லை. பெயர்ப் புத்தகத்தையும் ரோயின் படத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே அச்சாட்சியங்களைப் படிக்க வேண்டியிருக்கின்றது.